இறுக்கம் எங்கே என்று தெரியாமல் அரத்தை எடுக்காதீர்கள்

திருகோணமலைத் துறைமுகத்தைச் சுற்றியுள்ள பட்டறைகளில் வேலை பழகும் தம்பிமாருக்கும் தங்கைமாருக்கும்,



கொட்பே, சீனக்குடா, உட்துறைமுக வீதி, அப்பால் கிண்ணியா, மூதூர் என்று படகு இஞ்சினும் லேத்தும் வெல்டிங்கும் பழகிக்கொண்டிருக்கும் உங்களில் சிலர், வேலை முடிந்த பிறகு சின்னதாக ஒரு நீராவி இஞ்சின் செய்யத் தொடங்கியிருக்கிறீர்கள். எனக்கு அதில் பெரிய சந்தோஷம். ஆனால் தொடங்கிய பலர் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். ஏன் என்று கேட்டால் வருகிற பதில் எப்போதும் ஒன்றுதான்: "எல்லாம் அளவுப்படிதான் செய்தனான் அண்ணை, பூட்டினால் சுத்துதில்லை." அந்த ஒரு வசனத்துக்குப் பதிலாகத்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

அளவுப்படி செய்தீர்கள் என்பதை நம்புகிறேன். ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனியே வேணியரில் பிடித்துப் பார்த்தால் சரியாகத்தான் இருக்கும். வேணியர் ஒரு பாகத்தின் பருமனைச் சொல்லும். அந்தப் பாகம் பக்கத்துப் பாகத்துக்கு நேராக நிற்கிறதா, செங்குத்தாக நிற்கிறதா என்பதைச் சொல்லாது. சுற்றாத சின்ன இஞ்சின்களில் குறை பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

அதற்குப் பிறகு நடப்பதுதான் எனக்கு மனவருத்தம் தருவது. இறுகுகிறது என்றதும் பிஸ்டனில் எமரித் தாளைப் போடுகிறீர்கள். இன்னும் இறுகுகிறது என்றால் புஷ்ஷுக்குள் ரீமரை இன்னொரு தடவை விட்டு இழுக்கிறீர்கள். கடைசியில் இஞ்சின் லேசாகச் சுற்றுகிறது, காற்றுக் கொடுத்தால் எல்லாப் பக்கத்தாலும் ஊதுகிறது. இறுக்கம் வந்தது கோணலால், நீங்கள் குறைத்தது பருமனை. கழித்த உலோகத்தை யாராலும் திருப்பி ஒட்ட முடியாது.

ஒரு சின்னக் கணக்குப் பாருங்கள். 20 மில்லிமீற்றர் பிஸ்டனைச் சுற்றிவர 0.1 மில்லிமீற்றர் இடைவெளி விட்டால், அந்த வளையத்தின் மொத்தப் பரப்பு கிட்டத்தட்ட 6.3 சதுர மில்லிமீற்றர். பிஸ்டனின் நடுவில் 2.8 மில்லிமீற்றர் துளையொன்றைப் போட்டுவிட்டு இஞ்சினை ஓட்டுவதும் இதுவும் ஒன்றுதான். அவ்வளவு சின்ன இஞ்சினுக்கு நீராவி வருகிற வழியே அதைவிடப் பெரிதாக இருக்காது. ரயில் இஞ்சினின் பெரிய சிலிண்டரில் யாரும் கவனிக்காத கசிவு, சின்ன இஞ்சினில் உயிரையே எடுத்துவிடும். சிறியதாகச் செய்வது பெரியதாகச் செய்வதைவிடக் கடினம் என்பதை மனதில் எழுதிக்கொள்ளுங்கள்.

இந்தப் பிரச்சினை உங்களுக்கு மட்டும் வந்ததில்லை. நீராவி இஞ்சினின் வரலாறே ஒரு சின்ன மாதிரி இஞ்சின் ஒழுங்காக ஓடாததில் இருந்துதான் திசை திரும்பியது. 1763-64 குளிர்காலத்தில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் நியூகொமன் மாதிரி இஞ்சினைத் திருத்தும் வேலை ஜேம்ஸ் வாட்டிடம் வந்தது. 2 அங்குலத் துளை, 6 அங்குல ஓட்டம். அதற்கு முன்பு லண்டனில் ஒரு கருவி செய்பவரிடம் போய் வந்த இஞ்சின் அது. வாட் திருத்தினார். பாகங்கள் பொருந்தின, ஆனாலும் சில அடிகளில் நின்றுவிட்டது. கொதிகலன் போதவில்லை. வாட் அப்போது அரத்தை எடுக்கவில்லை, காரணத்தைத் தேடினார். ஒரு சிலிண்டரை எல்லாப் பக்கமும் பாதியாகக் குறைத்தால் உள்ளே அடங்கும் நீராவி எட்டில் ஒரு பங்காகிறது, சுவரின் பரப்போ நாலில் ஒரு பங்காகத்தான் குறைகிறது. எனவே சிறிய சிலிண்டரில் சுவர் குடிக்கும் வெப்பம் நீராவியின் அளவுக்குப் பொருந்தாமல் அதிகம். அந்த யோசனையில் இருந்து 1765இல், சிலிண்டரைச் சூடாகவே வைத்துக்கொண்டு நீராவியை வெளியே குளிர்விக்கும் தனிக் குளிர்கலன் வந்தது, 1769இல் அதற்குக் காப்புரிமை வந்தது.

அதன் பிறகும் வாட் கரை சேரவில்லை. பெரிய இஞ்சின் செய்யப் போனபோது சிலிண்டர் கசிந்தது. வட்டமாக இருக்கும், நேராக இருக்காது. காரணம் அந்தக் காலத்துத் துளை வெட்டும் முறை. வெட்டும் தண்டு ஒரு முனையில் மட்டும் பிடிபட்டு, வார்ப்பில் ஏற்கெனவே இருந்த துளையின் கோணலைப் பின்தொடர்ந்து போனது. 1774இல் பீரங்கி துளைக்கும் புது முறைக்குக் காப்புரிமை பெற்ற ஜோன் வில்கின்சன், அடுத்த ஆண்டளவில் சிலிண்டருக்கென்று செய்த யந்திரத்தில் தண்டை இரண்டு முனையிலும் தாங்கினார். 50 அங்குல சிலிண்டர்கூட ஒரு பழைய ஷில்லிங் நாணயத்தின் தடிப்பளவும் விலகாமல் வந்தது. வாட்டின் யோசனை உயிர் பெற்றது அந்தத் தாங்கலில்தான். நீங்கள் லேத்தில் நீண்ட, மெலிந்த போரிங் ரூலை வெளியே நீட்டிப் பிடித்துச் சிலிண்டர் வெட்டும்போது வாட்டின் பழைய பிரச்சினையைத்தான் திரும்பச் செய்கிறீர்கள். ரூல் வளைந்து கொடுக்கும், வாய் அகலும், உள்ளே ஒடுங்கும். ரூலைத் தடிப்பாகவும் குட்டையாகவும் எடுங்கள். கடைசி வெட்டுக்குப் பிறகு ஆழத்தைக் கூட்டாமல் அதே அளவில் இன்னும் இரண்டு தடவை ஓடவிடுங்கள். வசதி இருந்தால் சிலிண்டரைச் சாடிலில் கட்டி, வெட்டும் தண்டை இரண்டு சென்ரருக்கும் இடையில் பிடியுங்கள். வில்கின்சன் செய்ததும் அதுதான்.

நீராவி இந்த ஊருக்குப் புதியது இல்லை என்பதும் உங்களுக்குத் தெரியவேண்டும். சீனக்குடா எண்ணெய்க் குதங்கள் எழுந்ததே பிரித்தானியக் கடற்படைக் கப்பல்களின் கொதிகலன்களுக்கு எரிபொருள் கொடுக்கத்தான். 1927இல் கல்ஓயாவில் இருந்து திருகோணமலைக்கு ரயில் பாதை திறந்தபோது வந்தது நீராவி ரயில். 1942 ஏப்ரல் 9ஆம் தேதி ஜப்பானியக் குண்டுவீச்சில் அடிபட்ட சகெய்ங் என்ற நீராவிக் கப்பல் நம்முடைய துறைமுகத்திலேயே கிடந்தது. 1943இல் அதைத் தாழ்த்தி இறங்குதுறையாகப் பயன்படுத்தினார்கள். 2018 மார்ச்சில் இலங்கைக் கடற்படைச் சுழியோடிகள் அதை மிதக்கவைத்து வெளியே கொண்டுபோகும் வரையில் முக்கால் நூற்றாண்டு அது இங்கேதான் இருந்தது. 1944 ஓகஸ்ட் 8ஆம் தேதி வேலியன்ட் என்ற போர்க்கப்பலை ஏற்றியிருந்த மிதவைத் தளம் இதே துறைமுகத்தில் முறிந்து மூழ்கியது. கப்பலின் புரொப்பெலர்களும் சுக்கானும் சேதப்பட்டன. இஞ்சின் முழுசாக இருந்தும் ஷாஃப்ட்டும் அதைத் தாங்குபவையும் நேரில் இல்லையென்றால் முப்பதாயிரம் தொன் கப்பலும் ஊனம்தான்.

"நீராவி பழங்கதை, இதைப் படித்து என்ன?" என்று உங்களிடம் சிலர் கேட்பார்கள். நுரைச்சோலையில் 900 மெகாவாட் மின்சாரம் நீராவியில்தான் சுழல்கிறது. 2021இல் திருச்சி பொன்மலைப் பட்டறைக்காரர் நீலகிரி மலை ரயிலுக்காக நிலக்கரியில் ஓடும் நீராவி இஞ்சினைப் புதிதாகவே செய்து வெளியே விட்டார்கள். இதைவிட முக்கியமானது இன்னொன்று. சின்ன நீராவி இஞ்சின் ஒன்றைப் பொருத்தி முடித்தவன் எந்த இஞ்சினையும் பயமில்லாமல் திறப்பான்.

பொருத்தும் வித்தை உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. படகுக்கு இஞ்சின் ஏற்றும்போது என்ன செய்கிறீர்கள்? இஞ்சின் பக்கத்துக் கப்ளிங்கையும் ஷாஃப்ட் பக்கத்துக் கப்ளிங்கையும் முகத்துக்கு முகம் கொண்டுவந்து, மேலே, கீழே, இரண்டு பக்கம் என்று நாலு இடத்திலும் பீலர் கேஜ் விட்டுப் பார்க்கிறீர்கள். வித்தியாசம் இருந்தால் கப்ளிங்கை அராவுவதில்லை, இஞ்சின் காலுக்குக் கீழே தகடு வைத்து நிமிர்த்துகிறீர்கள். படகைத் தண்ணீரில் இறக்கியதும் உடல் கொஞ்சம் வளைந்து கொடுக்கும் என்று தெரிந்து, மிதக்கும்போது திரும்பவும் பார்க்கிறீர்கள். அந்த ஒழுங்கு முழுவதையும் உள்ளங்கையில் அடங்கும் இஞ்சினுக்கும் கொண்டுவாருங்கள்.

அடித்தட்டில் இருந்து தொடங்குங்கள். அடித்தட்டு ஆடினால் மேலே உள்ள எதுவும் நிலைக்காது. தடித்த கண்ணாடியில் வைத்து மூலைக்கு மூலை அமத்திப் பாருங்கள். பிறகு கிராங் ஷாஃப்ட்டை மட்டும், பிளைவீல் இல்லாமல், பெயாரிங்கில் வைத்துச் சுற்றுங்கள். போல்ட்டுகளை இறுக்கும் முன் ஒரு தடவை, இறுக்கிய பிறகு ஒரு தடவை. இறுக்கியதும் கனத்தால் குறை பெயாரிங் துளையில் இல்லை, அதன் அடிப்பாகத்தில் இருக்கிறது. அங்கே ஒரு மெல்லிய தகடு போதும், ரீமர் தேவையில்லை. இரண்டு பெயாரிங்கையும் இடத்தில் பூட்டிவிட்டு ஒரே ரீமரை இரண்டுக்குள்ளும் ஒரே இழுவையில் விட்டால் இந்தக் கரைச்சலே வராது.

அடுத்தது சிலிண்டர். பெரிய இஞ்சின்களைப் பூட்டிய பழைய ஆட்கள் சிலிண்டரின் நடுவால் ஒரு கம்பியை இழுத்துக் கட்டுவார்கள். நீங்கள் மெல்லிய தங்கூசி நூலைக் கட்டுங்கள். சிலிண்டரின் இரண்டு வாயிலும் நூல் நடுவில் நிற்கவேண்டும், அதே நூல் கிராங் ஷாஃப்ட்டின் நடுக்கோட்டைச் செங்குத்தாக வெட்டவேண்டும். அங்கே 0.2 மில்லிமீற்றர் விலகினாலும் பிஸ்டன் ரொட் அதைச் சொல்லிவிடும். நூல் சரியாக நிற்கும்வரை ஒரு துளையும் போடாதீர்கள். சரியானதும் சிலிண்டரின் துளைகள் வழியாகவே அடித்தட்டில் குறிபோட்டுத் துளையுங்கள். இரண்டையும் தனித்தனியே அளந்து துளைத்துவிட்டு, பிறகு போல்ட் போகவில்லை என்று துளையை நீட்டுவது நம் பட்டறைகளில் அடிக்கடி காண்கிற கூத்து. ஒரு பாகத்தையே மற்றப் பாகத்துக்கு அச்சாக வைத்தால் அளவுநாடாவுக்கு அங்கே வேலையே இல்லை. நேர் வந்தபிறகு இரண்டு சிறிய முளை ஆணி அடித்துவிடுங்கள். பத்துத் தடவை கழற்றிப் பூட்டினாலும் சிலிண்டர் அதே இடத்துக்கே வரும்.

லேத் வேலையில் ஒரு விதியை மட்டும் கேட்கிறேன். ஒன்றோடொன்று நேராக இருக்கவேண்டிய இரண்டு முகங்களை ஒரே பிடியில் வெட்டுங்கள். சிலிண்டர் துளையையும் அதன் ஒரு முகத்தையும் சக்கைக் கழற்றாமல் முடியுங்கள். மூடியின் நடுத் துளையும், அது சிலிண்டருக்குள் இறங்கும் விளிம்பும் அப்படியே. நம் ஊர்ப் பட்டறைகளில் உள்ள பழைய மூன்று தாடைச் சக்குகள் எத்தனையோ புரொப்பெலர் ஷாஃப்ட்டுகளைச் சுமந்து களைத்தவை. கழற்றித் திருப்பிப் பிடித்த கணமே நடு விலகும்.

இப்போது இறுக்கத்தைத் தேடுவோம். எல்லாவற்றையும் பூட்டிவிட்டுத் தேடினால் கண்டுபிடிக்க மாட்டீர்கள். ஒவ்வொரு பாகமாகச் சேர்த்து, ஒவ்வொரு தடவையும் கையால் சுற்றுங்கள். எந்தப் பாகத்தைச் சேர்த்ததும் கனத்தது என்பதுதான் முதல் தடயம், சுற்றில் எந்த இடத்தில் கனக்கிறது என்பது இரண்டாவது. பிஸ்டன் ரொட்டைக் கொனெக்டிங் ரொட்டோடு இணைக்கும் வழுக்குக் கட்டை, அதாவது குறொஸ்ஹெட், கிளாண்ட் பக்கம் நெருங்கும்போது மட்டும் இறுகினால், வழுக்குப் பாதையும் சிலிண்டரும் ஒரே கோட்டில் இல்லை. தூரத்தில் இருக்கும்போது ரொட் கொஞ்சம் வளைந்து மன்னித்துவிடும், கிட்டே வந்தால் வளைய இடமில்லை. ஒரு சுற்றில் இரண்டு இடத்தில் கனத்து, கொனெக்டிங் ரொட்டின் பெரிய முனை ஒரு பக்கம் ஒதுங்கினால், கிராங் பின் ஷாஃப்ட்டுக்குச் சமாந்தரமாக இல்லை. இதை உறுதிசெய்ய ஒரு லேசான வழி உண்டு. கொனெக்டிங் ரொட்டின் சின்ன முனையைக் கழற்றிவிட்டு, பெரிய முனையை மட்டும் பூட்டிக் கிராங்கைச் சுற்றுங்கள். சின்ன முனை இடம்வலமாக ஆடினால் பின் கோணல். அந்தக் கோணலைப் பிஸ்டனை அராவித் திருத்தவே முடியாது.

ஊசலாடும் சிலிண்டர் வைத்த எளிய இஞ்சினில் தொடங்கியவர்களுக்கு இவ்வளவு தேவையில்லை. அங்கே சிலிண்டரே வால்வாகவும் வேலை செய்கிறது, அதனால் உரசும் இரண்டு முகங்களும் தட்டையாக இருக்கவேண்டும், சிலிண்டர் ஆடும் ஆணி அந்த முகத்துக்குச் செங்குத்தாக நிற்கவேண்டும். கண்ணாடி மேல் மெல்லிய எமரித் தாளை வைத்து முகத்தை எட்டு வடிவில் தேயுங்கள். ஆணிக்கு மரை வெட்டும்போது கையால் நேர் பார்க்காதீர்கள், துளைக்கும் மெஷினின் சக்கில் டாப்பைப் பிடித்துக் கையால் சுற்றி இறக்குங்கள். ஸ்பிரிங் கூடினால் உரசல், குறைந்தால் முகம் தூக்கி ஊதும். இந்த மூன்றும் சரியென்றால் வாயால் ஊதியே அந்த இஞ்சினைச் சுற்ற வைக்கலாம்.

அளவைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் நம் பக்கத்தில் பாதிக் குழப்பம் அங்கிருந்து வருகிறது. கைக்குக் கை மாறி வரும் வரைபடங்கள் பெரும்பாலும் பிரித்தானியருடையவை, அங்குலத்தில் இருப்பவை. 1898இல் இருந்து இந்தத் தொழிலில் இருக்கும் ஸ்டுவர்ட் பெயரில் வரும் 10வி இஞ்சினை எடுங்கள்: துளையும் ஓட்டமும் முக்கால் அங்குலம், அதாவது 19.05 மில்லிமீற்றர். கடையில் கிடைக்கும் கம்பியோ மில்லிமீற்றரில். 5/32 அங்குல ரொட்டுக்குப் பதிலாக 4 மில்லிமீற்றர்க் கம்பியை எடுத்தால் வித்தியாசம் 0.03 மில்லிமீற்றர்தான், ஆனால் அந்த 0.03 கம்பியில் கூடுதலாக இருப்பதால் துளைக்குள் அது போகாது. கால் அங்குல ஷாஃப்ட்டுக்கு 6 மில்லிமீற்றரை எடுத்தால் 0.35 தளர்ந்து லொடலொடக்கும். பாதி வரைபடத்தை மாற்றாதீர்கள். மாற்றினால் முழு இஞ்சினையும் மில்லிமீற்றருக்கு மாற்றுங்கள். எந்தப் பாகம் எதற்குள் ஓடுகிறது என்று சோடி சோடியாக ஒரு தாளில் எழுதி, ஒவ்வொரு சோடிக்கும் இடைவெளியை முடிவு செய்த பிறகே கம்பி வாங்கப் போங்கள்.

மரையிலும் அதே கதை. துறைமுகப் பக்கத்துப் பழைய யந்திரங்களில் விட்வேர்த் மரையும் உண்டு, புது இஞ்சின்களில் மெட்ரிக் மரையும் உண்டு. ஒன்றின் பல் கோணம் 55 பாகை, மற்றதன் கோணம் 60 பாகை. கால் அங்குல பிரித்தானிய நுண் மரைத் துளைக்குள் எம் 6 போல்ட் லேசாக ஏறிவிடும், ஏனென்றால் இரண்டின் பல் இடைவெளியும் கிட்டத்தட்ட ஒரு மில்லிமீற்றர். போல்ட்டின் விட்டமோ 0.35 குறைவு. ஏறிவிட்டது என்று சந்தோஷப்பட்டு இறுக்கினால் பல் நுனிகள் மட்டுமே பிடித்து, சூடேறியதும் உருவிக்கொண்டு வரும். லேசாக ஏறுகிற போல்ட்டைச் சந்தேகியுங்கள். பல் எண்ணும் கேஜ் ஒன்றை எடுத்துப் பார்க்க ஒரு நிமிடம் போதும்.

குளிரில் அருமையாகச் சுற்றி, நீராவி கொடுத்ததும் அடைத்துக்கொள்ளும் இஞ்சின்களும் உண்டு. இதற்குக் காரணம் நீங்கள் தெரிந்தெடுத்த உலோகம். நம் ஊரில் பட்டறைக்குள் 30 பாகை என்று வைப்போம். 2 பார் அழுத்தத்தில் நீராவி கிட்டத்தட்ட 134 பாகை. அந்த 104 பாகை ஏற்றத்தில் 20 மில்லிமீற்றர் வார்ப்பிரும்புச் சிலிண்டரின் துளை ஏறக்குறைய 0.022 மில்லிமீற்றர் விரியும், பித்தளைப் பிஸ்டனோ 0.04 விரியும். வித்தியாசம் 0.018. பிஸ்டன் அலுமினியமென்றால் வித்தியாசம் 0.026க்குப் போகும். விட்டத்தில் 0.02 மட்டும் விட்டுப் பெருமையாகப் பொருத்திய பித்தளைப் பிஸ்டனுக்கு ஓட இடமே மிஞ்சாது. அதுவும் பிஸ்டன் முதலில் சூடாகும், தடித்த சிலிண்டர் பிந்தித்தான் சூடாகும். சிலிண்டரும் பிஸ்டனும் ஒரே உலோகமாக இருந்தால் இந்தச் சிக்கல் வெகுவாகக் குறையும். வார்ப்பிரும்போடு வார்ப்பிரும்பு நன்றாக ஓடும். உடைந்த டீசல் இஞ்சின் லைனரை எடைக்குப் போடும் முன் அதிலிருந்து என்ன வெட்டலாம் என்று பாருங்கள்.

வால்வுப் பெட்டி வைத்த இஞ்சின் செய்தவர்களிடம் இருந்து வரும் முறைப்பாடு இன்னொன்று: காற்றுக் கொடுத்தால் சுற்றாமல் வெளிப்போக்கால் சீறிக்கொண்டே இருக்கிறது. வால்வை அசைக்கும் ரொட்டில் உள்ள நட் வால்வை இறுக்கிப் பிடித்திருக்கும். வால்வு நீளவாக்கில் ஆடக் கூடாது, ஆனால் மேலும் கீழும் தாராளமாக அசையவேண்டும். அப்போதுதான் நீராவியின் அழுத்தமே அதை முகத்தில் அமத்தி வைக்கும். நட்டின் மேல்பக்கத்தை மெல்லியதாகக் கழித்தால் சீறல் நின்றுவிடும். இங்கே அரத்தை எடுக்கலாம், ஏனென்றால் இறுக்கம் எங்கே என்று தெரிந்துவிட்டது. பிறகு ஒழுங்கு மாறாமல் வால்வை நிறுத்துங்கள். முதலில் ஷாஃப்ட்டை முழுச் சுற்றுச் சுற்றி இரண்டு வழியும் ஒரே அளவு திறக்கும்வரை ரொட்டில் வால்வை நகர்த்துங்கள். அது முடிந்த பின்புதான், பிஸ்டன் கடைசிக்கு வரும்போது வழி மெல்லத் திறக்கத் தொடங்குமாறு, வால்வை இயக்கும் எக்சென்ட்ரிக்கை ஷாஃப்ட்டில் திருப்புங்கள். இரண்டாவதை முதலில் செய்தால் எத்தனை மாலை செலவழித்தாலும் நேர் வராது.

கஸ்கட்டையும் மறக்கக் கூடாது. அளவு பார்த்துப் பூட்டிய பிறகு அரை மில்லிமீற்றர்க் கஸ்கட்டை இடையில் வைத்தால் பிஸ்டனுக்கும் மூடிக்கும் இடையே நீங்கள் விட்ட இடைவெளி மாறிவிடும். கஸ்கட்டை வைத்துப் பூட்டிய பின்பே அந்த இடைவெளியைப் பாருங்கள். கொனெக்டிங் ரொட்டைக் கழற்றி, பிஸ்டனை இரண்டு மூடியிலும் முட்டும்வரை தள்ளி வழுக்குப் பாதையில் கோடு போடுங்கள். பூட்டிச் சுற்றும்போது ஓட்டம் அந்த இரண்டு கோட்டுக்கும் உள்ளே சரிநடுவில் நிற்கவேண்டும்.

கிளாண்ட் பற்றி உங்களுக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை. படகின் பின்குழாயில் பக்கிங்கை எரிய எரிய இறுக்கினால் ஷாஃப்ட் தேயும், ஒரு சொட்டு விட்டு இறுக்கினால் காலம் நிற்கும் என்பது உங்களுக்கே தெரியும். சின்ன இஞ்சினிலும் விரலால் மட்டும் இறுக்குங்கள். கிரபைட் பூசிய பக்கிங் கயிற்றில் ஒரு இழையைப் பிரித்தெடுத்தால் போதும். சாதாரணக் கறுப்பு ரப்பர் ஓ-வளையங்கள் காற்றில் நன்றாக நிற்கும், நீராவிச் சூட்டில் சீக்கிரம் விறைத்து வெடித்துப்போகும்.

ஒரு பொருளைப் பற்றி எச்சரிக்க வேண்டும். டீசல் வால்வு உட்கார வைக்கும் கிரைண்டிங் பேஸ்ட் டின் எல்லாப் பட்டறையிலும் இருக்கிறது. இறுகும் இஞ்சினுக்குள் அதைப் பூசி ஓடவிட்டால் லேசாகிவிடும் என்று யாராவது சொல்வார்கள். செய்யாதீர்கள். அந்த மணல் பித்தளையிலும் வெண்கலத்திலும் புதைந்துகொள்ளும், கழுவினாலும் போகாது. பிறகு அந்தப் புஷ், ஓடுகிற ஒவ்வொரு நாளும் ஷாஃப்ட்டை அராவிக்கொண்டே இருக்கும். கடைசி மெருகு தேவையென்றால் பிராசோ போன்ற மெல்லிய மினுக்கியோடு நிறுத்தி, மண்ணெண்ணெயில் நன்றாகக் கழுவுங்கள். ஒழுங்காக நேர் வந்த இஞ்சினுக்கு எண்ணெய் விட்டு லேத்தில் மெதுவாகச் சிறிது நேரம் சுற்றவிடுவதே போதும்.

கடல் காற்று நம் வேலைக்கு எதிரி என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரவு மேசையில் விட்ட மைக்ரோமீற்றரின் வாயில் காலையில் மெல்லிய துரு இருந்தால் அது காட்டும் அளவை நம்ப முடியாது. எண்ணெய்த் துணியில் சுற்றி வையுங்கள். அளக்கும் முன் இரண்டு வாயையும் ஒரு சுத்தமான தாளில் கடித்து இழுத்துப் பூச்சியம் பாருங்கள்.

இஞ்சின் பூட்டி முடிந்ததும் கொதிகலனைத் தேடி ஓடாதீர்கள். முதலில் ரயர்க் கடைக் கொம்பிரசர் போதும். கார் ரயருக்கு அடிக்கும் காற்று 30 இறாத்தல் அளவு. உங்களுக்கு அதில் கால்வாசி கூட வேண்டாம், குறைத்துத்தான் தொடங்கவேண்டும். குறைந்த காற்றில் மெதுவாக, ஒரே சீராகச் சுற்றுகிற இஞ்சின் நன்றாகப் பொருந்திய இஞ்சின். அழுத்தத்தைக் கூட்டினால்தான் ஓடுகிறது என்றால் இறுக்கம் இன்னும் எங்கேயோ இருக்கிறது, திரும்பவும் கழற்றித் தேடுங்கள். நீராவிக்கு மாறும் நாளில் வடிகால் திருகைத் திறந்துவைத்து, கையால் சுற்றிச் சுற்றிச் சிலிண்டரைச் சூடாக்கிய பிறகே ஓடவிடுங்கள். குளிர்ந்த சிலிண்டரில் நீராவி தண்ணீராகும், தண்ணீர் நசியாது. கடல்நீர் புகுந்த படகு இஞ்சினை அவசரப்பட்டு ஸ்டார்ட் செய்து கொனெக்டிங் ரொட் வளைந்ததைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

கொதிகலனில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பெயின்ட் டின், பழைய தீயணைப்புச் சிலிண்டர், ஈயப்பற்று வைத்த தகரம் எதுவும் வேண்டாம். ஈயப்பற்று 200 பாகை அளவிலேயே இளகிவிடும், தண்ணீர் வற்றிய கொதிகலன் அந்தச் சூட்டை நொடியில் தாண்டும். செம்புத் தகட்டை வெள்ளிப்பற்றால் ஒட்டுங்கள், பாதுகாப்பு வால்வு வையுங்கள். 2 பாரில் ஓட்டப் போகிறீர்களென்றால் 4 பாருக்குத் தண்ணீர் அடித்து, விவரம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் நிற்கச் சோதியுங்கள். காற்று அடித்துச் சோதிக்கவே கூடாது. தண்ணீர் நிரப்பிய கொதிகலன் விட்டுப்போனால் ஒழுகும், காற்று நிரப்பியது வெடிக்கும். இந்தச் சோதனை முடியாத கொதிகலனுக்கு நெருப்பு வைப்பவரை யாராக இருந்தாலும் தடுத்து நிறுத்துங்கள்.

இந்த மடல் பட்டறை நடத்தும் பாஸ்மாரின் கண்ணிலும் படும் என்று நினைக்கிறேன். ஐயா, உங்களிடம் ஒரு வேண்டுகோள். சனிக்கிழமை பின்னேரம் லேத் சும்மா நிற்கும் ஒரு மணித்தியாலத்தை இந்தப் பிள்ளைகளுக்கு விடுங்கள். நீங்கள் வெட்டிக் கொடுக்க வேண்டாம், அவர்கள் வெட்டட்டும். பக்கத்தில் நின்று, அவர்களின் கை அரத்துக்குப் போகும்போது "எங்க இறுகுது?" என்று மட்டும் கேளுங்கள்.

தம்பி, தங்கைமாரே, பாதியில் வைத்த பாகங்களை வெளியே எடுங்கள். இந்தக் கிழமை கிராங் ஷாஃப்ட்டையும் இரண்டு பெயாரிங்கையும் மட்டும் பூட்டுங்கள். அவை விரல் தட்டலுக்குச் சுற்றும்வரை சிலிண்டரைத் தொடவே வேண்டாம். எந்தச் சோடிக்கு எவ்வளவு இடைவெளி விட்டீர்கள், எங்கே இறுகியது, என்ன செய்ததும் விட்டது என்பதை ஒரு கொப்பியில் எழுதுங்கள். முடித்ததும் அந்தக் கொப்பியைப் பக்கத்துப் பட்டறையில் தொடங்கியிருக்கும் பிள்ளையிடம் கொடுங்கள்.

அன்புடன்,
துறைமுகப் பக்கத்துப் பழைய பிற்றர் ஒருவன்